அப்பா போட்ட நூல்

எங்கப்பா பெயிண்டர். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி எங்களுடையது. தாத்தா காலம் வரைக்கும் ஊர்க்காரர் நிலத்தில் ஏர் ஓட்டி, களம் கூட்டி, சாவுச் சேதி சொல்லப் போன குடும்பம். அதிலிருந்து பிய்த்துக்கொண்டு டவுனுக்குப் போன முதல் ஆள் அப்பாதான். ஏன்ப்பா இந்த வேலைக்குப் போனே என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஒன்று சொல்வார்: "கழனியில நாம குனிஞ்சி நிப்போம், அவன் வரப்பு மேல நின்னு பேசுவான். ஏணி மேல ஏறிட்டா எப்பேர்ப்பட்டவனும் அண்ணாந்து பாத்துதான பேசணும்?"

ஏணி மேல் ஏறிய மனிதர் அங்கே என்ன செய்தார் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில், ஆபீசில், கல்லூரியில் சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் மேலே வெள்ளையும் கீழே வேறு வண்ணமும் ஒன்றோடொன்று கலக்காமல் கத்தியால் வெட்டியது மாதிரி நிற்கும். அந்த விளிம்பு அடிப்பதில் அப்பாவுக்குத் திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பேர். மற்ற வேலைக்கு வேறு ஆளை வைத்தவர்கள்கூட, "அந்தக் காலனி ஆள வரச்சொல்லு, கோடு அவன் அடிக்கட்டும்" என்று சொல்லி அனுப்புவார்கள். பேர் இருந்தது என்று சொன்னேன். அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொல்லவில்லை.

அப்பா தொழில் பழகும்போது இந்த விளிம்பே கிடையாதாம். எல்லாம் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் தளதளவென்று கொதிக்கும். ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, நார் மட்டையால் சீலிங், சுவர், தூண் எல்லாவற்றுக்கும் ஒரே அடி. எங்கும் வெள்ளை. மேல் எது கீழ் எது என்று பிரிக்கிற வேலையே இல்லை. டிஸ்டெம்பர் வந்து, பின்னால் எமல்ஷன் வந்து, சீலிங் மட்டும் வெள்ளையாக நின்று சுவர் பச்சையாகவும் ரோஸாகவும் மாறிய பிறகுதான் ரெண்டுக்கும் நடுவில் எல்லை வந்தது. எல்லை என்று ஒன்று வந்துவிட்டால் அதை ஒழுங்காக வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கப்பா.

நூலுக்கு ரெண்டு முனை. ஒரு முனை அப்பா கையில். மறுமுனையைப் பிடிக்க என்னைக் கூட்டிப்போவார். பத்து வயசிலிருந்து லீவு நாட்களில் அதுதான் எனக்கு வேலை. அம்மா கீழே உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். பொம்பளைகளுக்கு அந்த வேலைதான். பிரஷ் கைக்கு வராது. தூசி மட்டும் வரும்.

படித்தவர்கள் நம்ப மாட்டீர்கள், எந்த வீட்டிலும் சுவர் நேராக இருக்காது. எவ்வளவு பணம் போட்டுக் கட்டினாலும் சீலிங் ஒரு மூலையில் தொங்கும், நடுவில் ஏறும். பூச்சு அலை அலையாக ஓடும். சீலிங்கை ஒட்டியே பிரஷ்ஷை இழுத்துக்கொண்டு போனால் அத்தனை கோணலும் வண்ணத்தில் வெளிச்சமாகிவிடும். அதனால் அப்பா சீலிங்குக்கு வெள்ளை அடிக்கும்போதே அதைச் சுவரில் ரெண்டு இஞ்ச் கீழே இறக்கிவிடுவார். நன்றாகக் காய்ந்த பிறகு இந்த மூலையில் ஒரு புள்ளி, அந்த மூலையில் ஒரு புள்ளி, சீலிங்குக்கு அரை இஞ்ச் கீழே. நூலை நீலப் பொடியில் புரட்டி ரெண்டு பேரும் ரெண்டு புள்ளியில் வைத்து அழுத்திக்கொள்வோம். "புடிச்சாச்சா பாப்பா? இழுத்துப் புடி. ஆடாத." நடுவில் நூலை ரெண்டு விரலால் இழுத்து விடுவார். டப்பென்று ஒரு சத்தம். சுவரில் நீலக் கோடு. அவ்வளவு நேர்க்கோட்டை நான் நோட்டில் ஸ்கேல் வைத்தும் போட்டதில்லை.

"ரசமட்டம் வச்சா இன்னும் மட்டமா வருமில்லப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "வரும். கோடு மட்டமா இருக்கும், சீலிங் சாஞ்சிருக்கறத அதுவே காட்டிக்குடுத்துடும். மூலைக்கு மூலை நூல் போட்டா கோணல் எல்லாம் அந்த அரை இஞ்ச் வெள்ளைக்குள்ள ஒளிஞ்சிக்கும். கீழ இருந்து பாக்கறவன் கண்ணு கோட்டத்தான் பாக்கும்" என்றார்.

பொடியை மெல்ல ஊதிவிட வேண்டும். இல்லாவிட்டால் வண்ணத்தில் நீலம் கலந்து அழுக்காகத் தெரியும். பிரஷ் புதுசாக இருக்கக் கூடாது, மயிர் உதிர்ந்து கோட்டில் ஒட்டும். நாலு வீடு பார்த்த ரெண்டு இஞ்ச் பிரஷ்தான் சரி. மூன்றில் ஒரு பங்குதான் பெயிண்ட்டில் முக்க வேண்டும். முதலில் கோட்டுக்கு ஒரு விரல் கீழே பெயிண்ட்டை வைத்துவிட்டு, ரெண்டாவது இழுப்பில் மயிரை மேலே தள்ளிக் கோடு வரைக்கும் கொண்டுபோக வேண்டும். பிரஷ்ஷைப் பார்க்கக் கூடாது. அது போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். இழுத்து முடிக்கிற வரைக்கும் அப்பா மூச்சு விட மாட்டார். டேப் ஒட்டி அடிக்கிற பழக்கம் வந்தபோது, "பழைய சொண்ணாம்பு சொவுரு, டேப்ப உரிச்சா பத்தையா கையோட வந்துடும்" என்று விட்டுவிட்டார்.

இந்த வேலைக்குக் கூலி என்ன? பெயிண்டிங் கூலி சதுர அடிக் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு ரூம், பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் 440 சதுர அடி, சீலிங் 120. அதற்குத்தான் கணக்கு. அந்த ரூமைச் சுற்றி விளிம்பு 44 அடி நீளம் ஓடுகிறது. நீளம் இருக்கிறது, அகலம் இல்லை. அகலம் இல்லாததைச் சதுர அடியில் எப்படி அளப்பது? ஆகவே கணக்கிலேயே வராது. ரோலர் வைத்துச் சுவரை ஒரு பையன் அரை நாளில் முடித்துவிடுவான். விளிம்புக்குத்தான் கழுத்து ஒடியும். வேலையில் கடினமான பாகம் எதுவோ அதற்குக் கூலி இல்லை என்பது பெயிண்டிங்கில் மட்டும் உள்ள சங்கதியா? களத்து மேட்டில் தாத்தாவுக்கும் அதே கணக்குத்தானே.

உடம்புக்கும் கணக்கு இல்லை. கதவு சன்னலில் பழைய ஆயில் பெயிண்ட்டைத் தேய்த்தெடுத்த தூசியை அம்மாவும் அப்பாவும் இருபது வருசம் மூச்சில் இழுத்தார்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் தேய்த்தவர்கள் தேய்த்ததுதான். சுவரில் ஏற்கெனவே ஏறிய பழைய பெயிண்ட் எந்த விதிக்கும் இறங்கிவராது. அதைத் தேய்க்க இன்றைக்கும் ஒரு பொம்பளை வேண்டும்.

2011இல் எம்.ஏ. தமிழ் சேர்ந்தேன். இலக்கண வகுப்பில் நன்னூல் பாயிரம். நூல் என்பதற்கு ஏன் நூல் என்று பேர் வந்தது என்று விளக்கும் பகுதி. தச்சன் மரத்தில் நூல் போட்டுக் கோணலைத் தீர்ப்பது போல, படிக்கிற நூல் மனசின் கோணலைத் தீர்க்கும் என்கிறார் பவணந்தியார். பேராசிரியர் நன்றாக நடத்துவார். "இப்பல்லாம் யாருக்கு இந்த நூல் தெரியும்? உங்கள்ல யாராவது நூல் போட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

நாற்பது பேர் வகுப்பு. யாரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நான் நூல் பிடித்துவிட்டு வந்திருந்தேன். கட்டை விரல் நகத்துக்குள் நீலம் அப்படியே இருந்தது. கையை மடக்கித் தாவணிக்குள் வைத்துக்கொண்டேன். கை தூக்கினால் எங்கே, எப்போது, அப்பா என்ன பண்றார், எந்த ஊர், ஊரா காலனியா என்று கேள்வி வரிசையாக வரும் என்று தெரியும். கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கேள்வி மட்டும் போதும். இன்றைக்கு மேடைகளில் நான் பேசுவதைக் கேட்கிற தோழர்களுக்கு இந்த விசயம் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள். சாதி, என் கையை என்னைக் கொண்டே மறைக்க வைத்தது.

அதே வருசம் நெடுநல்வாடை படித்தேன். அரண்மனை கட்டுவதற்குக் கயிறு போட்டு அளக்கிறவர்களை நக்கீரர் புலவர் என்றே சொல்கிறார். நூல் அறிந்த புலவர். சுதை பூசிய சுவரும் அதில் வருகிறது. கயிறு பிடித்தவனுக்குப் புலவர் என்ற மரியாதை ஒரு காலத்துப் பாட்டில் இருந்திருக்கிறது. நூல் என்றால் புத்தகம். நூல் என்றால் இழை. தோளில் குறுக்கே தொங்குவதும் நூல்தான். மூன்றில் ஒன்று அறிவாயிற்று, ஒன்று பிறப்பாயிற்று. எங்கப்பா கையில் இருந்தது மட்டும் எதுவுமாக ஆகவில்லை. வேலைப் பிரிவினை வேறு, வேலை செய்கிறவர்களையே பிரித்துப் படிக்கட்டில் நிறுத்துவது வேறு என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதினார். எனக்கு அது புரிந்தது வகுப்பில் அல்ல, நகத்து நீலத்தில்.

படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருந்த 2014 கோடையில் ஒரு வீட்டுக்கு அப்பாவோடு போனேன். மாடியும் கீழுமாகப் புது வீடு. பதினெட்டு நாள் வேலை. டீ பேப்பர் கப்பில் வரும். வீட்டுக்காரரும் பேப்பர் கப்பிலேயே குடிப்பார். "பேப்பர் கப்பு வந்தது ரெண்டு பக்கமும் சௌகரியமாப் போச்சி" என்றார் அப்பா. தனிக் குவளை ஒழிந்துவிட்டது என்று யாராவது கணக்கெடுத்தால் அந்த வீட்டையும் அதில் சேர்த்துக்கொள்வார்கள்.

கடைசி நாள் பூஜை அறை. மஞ்சள் வண்ணம், மேலே வெள்ளை. சின்ன அறையில் விளிம்பு அடிப்பது பெரிய அறையைவிடக் கஷ்டம், கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். அப்பா அதைப் பிரமாதமாக முடித்தார். வாசலிலேயே கூலியை வாங்கிக்கொண்டு, துண்டு ஒன்றை மரியாதையாக அவர்கள் கொடுக்க, கிளம்பிவிட்டோம். தெருமுனை வந்ததும்தான் நூல் உருண்டையை அங்கேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. நான் திரும்ப ஓடினேன். அந்த வீட்டுப் பெரியம்மா பூஜை அறையில் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. என்னைப் பார்த்ததும், "அங்கியே நில்லு, அங்கியே நில்லு" என்றார். நூல் உருண்டையைக் காலால் கூடம் வரைக்கும் தள்ளி, அங்கிருந்து துணியால் எடுத்து வாசலுக்கு வீசினார். உருண்டை பிரிந்து படியெல்லாம் ஓடியது. சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

அஞ்சு வருசம் கழித்து, 2019இல், ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்தது. டவுனிலேயே வீடு தேடினேன். புரோக்கர் ஒருவர் கூட்டிப்போய் நிறுத்தினது அதே வீட்டு வாசலில். மாடி காலியாம். திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். பார்த்துவிடுவோம் என்று ஏறினேன். வீட்டுக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தலையில் துணி கட்டி வெள்ளைத் தூசி படிந்த பெண்ணைத்தானே அவர் பார்த்திருக்கிறார். காட்டன் புடவையும் கைப்பையுமாக வந்தவளை "வாங்க மேடம்" என்றார். காலேஜில் தமிழ் என்றதும் இன்னும் மரியாதை. ரூம் ரூமாகக் காட்டினார். ஹாலில் நின்று மேலே கை காட்டி, "பாருங்க மேடம், அஞ்சு வருசமாச்சி. டேப்பு கீப்பு ஒண்ணும் ஒட்டாம கையாலயே அடிச்சது. எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க" என்றார்.

பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. சன்னலுக்கு மேலே சீலிங் தொங்குவதும் எனக்குத் தெரிந்தது. அவருக்கு இன்று வரை தெரியாது.

வகுப்பில் தூக்காத கை அப்போது தூக்கியது. "தெரியும் சார். அது எங்கப்பா போட்ட நூல். அந்த மூலையில மறுமுனைய நான்தான் புடிச்சிருந்தேன்" என்றேன்.

அவர் முகம் மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்ல முடியாது. கோபப்படவில்லை. திட்டவில்லை. "அப்டியா, நல்லது நல்லது" என்றார். மேடம் நின்றுபோயிற்று. "இன்னொரு பார்ட்டி கேட்டிருக்காங்கம்மா. சொல்லி அனுப்பறேன்" என்றார். சொல்லி அனுப்பவில்லை. படியிறங்கும்போது புரோக்கர், "மொதல்லியே சொல்லியிருந்தா வேற எடம் காட்டியிருப்பேனே" என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நிஜம்தான். ஒரு கமிஷன் போயிற்று அல்லவா.

1917இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பெயரை மாற்றிச் சொல்லிப் பார்சி விடுதியில் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அதைத் தன் கையால் எழுதியும் வைத்திருக்கிறார். 1917க்கும் 2019க்கும் இடையில் தடி போய் "சொல்லி அனுப்பறேன்" வந்திருக்கிறது. ஒரு வித்தியாசம், அந்த வீட்டின் கோணலை மறைத்துக் கொடுத்தவர் என் அப்பா.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். பூஜை அறை, நூல் உருண்டை, எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சன்னலுக்கு மேல விரிசல் எதனா வுட்டிருக்குதா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. "இவ்ளோ சொல்றேன், விரிசலக் கேக்கறியேப்பா" என்று கத்தினேன். அவர், "வூட்டத்தான் குடுக்க மாட்டேன்றான். வேலையக் கெட்டதுன்னு சொல்லட்டும் பாப்போம். அதுக்கு நான் எடம் வெச்சதில்ல" என்றார். அடிமைப் புத்தி என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நிலம் இல்லை, வீடு இல்லை, ஊரில் சொல் இல்லை. குறை சொல்ல முடியாத ஒன்று தன் கையிலாவது இருக்க வேண்டும் என்று ஒரு மனிதன் நாற்பது வருசம் பிடிவாதமாக இருந்திருக்கிறான். ஆனால் அதையும் சொல்லியாக வேண்டும்: அந்தப் பிடிவாதத்தைத் தின்று கொழுத்தது சாதிதான். அவர் கோடு சுத்தமாக இருக்க இருக்க, அவர்கள் வீட்டுக் கோணல் வெளியே வராமலே போயிற்று.

விளிம்புநிலை மக்கள் என்று நாம் எழுதுகிறோம், கருத்தரங்கு நடத்துகிறோம். நானும் கட்டுரை வாசித்திருக்கிறேன். விளிம்பு என்றால் வேண்டாததை ஒதுக்குகிற இடம் என்கிற மாதிரியே பேசிவிடுகிறோம். விளிம்பில் வேலை செய்கிறவனைக் கேளுங்கள். அறையிலேயே கவனம் அதிகம் வேண்டிய இடம் அதுதான் என்பான். அங்கே கை நடுங்கினால் மொத்த அறையும் அசிங்கம். நடுவில் இருப்பவர்கள் ரோலர் போட்டுக்கொண்டு போகலாம். அறிவு எங்கே இருக்கிறது என்று தேடுகிற தோழர்கள் கொஞ்சம் அண்ணாந்தும் பார்க்க வேண்டும்.

எங்கள் தொகுப்பு வீட்டில் விளிம்பு கிடையாது. சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. நூல் போட நேரான ரெண்டு மூலை வேண்டுமே. அப்பாவின் நூல் எங்கள் காலனிக்குள் முதலில் விழுந்தது அம்பேத்கர் படிப்பகத்தில்தான். 2023 ஏப்ரல் 14க்கு முந்தின வாரம், பிள்ளைகள் காசு போட்டுப் பெயிண்ட் வாங்கினார்கள். சுவருக்கு நீலம், சீலிங்குக்கு வெள்ளை. அப்பாவுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்து அண்ணாந்து பார்க்க முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். முப்பத்து மூன்று வயசில் முதல் தடவை. மறுமுனையை ஏழாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை பிடித்தது. கீழே இருந்து அப்பா குரல்: "புடிச்சாச்சா? இழுத்துப் புடி. இப்ப வுடு."

சுவரே நீலமாகப் போவதால் பொடி கலந்தாலும் தெரியாது என்று பிள்ளைகளுக்குச் சந்தோசம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். கதவுக்கு மேலே ஓர் இடத்தில் கை ஆடிவிட்டது. ஒரு விரல் நீளத்துக்கு நீலம் கோடு தாண்டி வெள்ளைக்குள் ஏறிவிட்டது. துடைக்கப் போனேன். "வுடு பாப்பா. நம்ம எடம்தான. அடுத்த வருசம் அதுங்க அடிக்கும்போது சரி பண்ணிக்கட்டும்" என்றார் அப்பா.

அது அப்படியே இருக்கிறது. படிப்பகத்துக்கு வந்தால் கதவுக்கு மேலே பாருங்கள்.